டிரஃபிள் சாப்பிட்டபோது இயேசுவைக் கண்டேன், அது கர்த்தர்தானா?

கேள்வி கேட்ட தம்பி நெதர்லாந்தில் வேலை பார்க்கிறார். சிஎஸ்ஐ குடும்பம், ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் என்று வளர்ந்தவர். போன மாதம் நண்பர்களோடு ஒரு முகாமுக்குப் போய் சைலோசைபின் என்ற போதைப்பொருள் உள்ள டிரஃபிள் சாப்பிட்டிருக்கிறார். (அங்கே போதைக் காளானை 2008-லேயே தடை செய்துவிட்டார்கள், மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிளுக்கு மட்டும் தடையில்லை.) ஆறு மணி நேரம் அதில் இருந்திருக்கிறார். கிறிஸ்து பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை உணர்ந்தேன், அழுதுகொண்டே இருந்தேன், அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் ஞாயிறு ஆராதனை அவருக்கு வெறுமையாக இருக்கிறது. ஊரில் போதகரிடம் போனில் சொன்னதற்கு, பிசாசின் வேலை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். அவர் கேட்பது மூன்று: அது தேவனிடமிருந்து வந்ததா, திரும்பப் போகலாமா, இந்த நிலையில் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா.

தம்பி, இரண்டாவது கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பப் போகாதீர்கள். ஆனால் கண்டதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், பிசாசு என்று பயந்து நடுங்கவும் வேண்டாம். சபை வரலாறு சொல்லிக்கொடுப்பது என் வேலை. உங்கள் கேள்வி புதியது இல்லை. 60 வருடத்துக்கு முன்னால் இறையியல் மாணவர்களே இதைக் கேட்டு, கேட்டதோடு நிற்காமல் சாப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குகிறேன்.

1962 ஏப்ரல் 20, பெரிய வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயம். மேலே ஆராதனையை நடத்துகிறவர் ஹோவர்ட் தர்மன், மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆவிக்குரிய வழிகாட்டியாக இருந்தவர், 1936-ல் இந்தியாவில் காந்தியைச் சந்தித்துப் பேசியவர். கீழ்த்தளத்தில் இன்னொரு சின்ன ஆலயம், அங்கே ஒலிபெருக்கி வழியாக அதே ஆராதனை கேட்கிறது. அதில் ஆண்டோவர் நியூட்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 20 பேர். ஏற்பாடு செய்தவர் வால்டர் பான்கி, மருத்துவமும் படித்து போதகராகவும் ஆனவர், ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்காக இதைச் செய்கிறார். 10 பேருக்கு 30 மில்லிகிராம் சைலோசைபின். மற்ற 10 பேருக்கு நிக்கோட்டினிக் அமிலம். அதைச் சாப்பிட்டால் முகம் சூடாகிச் சிவக்கும், அதனால் முதல் கொஞ்ச நேரம் 'நமக்குத்தான் மருந்து கிடைத்திருக்கிறது' என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் யாரும் சொல்லாமலே தெரிந்துபோயிற்று. ஒரு பாதி பேர் வழக்கம்போல உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறார்கள், மற்ற பாதி பேரில் ஒருவர் பெஞ்சில் படுத்திருக்கிறார், ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார்.

மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் அன்று தேவனோடு ஒன்றானது போல உணர்ந்தோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 25 வருடம் கழித்து ரிக் டாப்ளின் என்ற ஆய்வாளர் அவர்களில் பலரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோதும், அது உண்மையான ஆவிக்குரிய அனுபவம்தான், வாழ்க்கையில் ஒரு உச்சம்தான் என்றார்கள். ஆனால் அதே டாப்ளின் இன்னொன்றையும் கண்டுபிடித்தார், பான்கி தன் ஆய்வில் எழுதாமல் விட்டது. மருந்து எடுத்த ஒரு மாணவர், தேவன் தன்னைத் தெரிந்தெடுத்து ஒரு செய்தி சொல்ல அனுப்புகிறார் என்று நம்பி ஆலயத்தை விட்டுத் தெருவுக்கு ஓடியிருக்கிறார். அவரைப் பிடித்துக் கொண்டுவந்து, அடக்கும் ஊசி போட வேண்டியதாயிற்று. எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத ஆள் அவர்தான். ஒரே கோப்பை, ஒரே பாட்டு, ஒரே பிரசங்கம். பக்கத்தில் இருந்தவருக்கு அது பரலோகம், இவருக்குக் கையில் ஊசி.

அன்று உதவியாளராக வந்து மருந்தும் எடுத்துக்கொண்டவர்களில் ஹஸ்டன் ஸ்மித்தும் ஒருவர். சீனாவில் மெதடிஸ்ட் மிஷனரிகளுக்குப் பிறந்தவர், உலக மதங்களைப் பற்றிய புத்தகத்தால் பெரிய பெயர் எடுத்தவர். அதுவரை தேவனை ஒரு ஆளாக நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை, அன்றுதான் சந்தித்தேன் என்று பின்னாளில் சொன்னார். உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே வார்த்தைகள். அந்த அனுபவத்தை அவர் கடைசிவரை மறுக்கவில்லை. ஆனால் இரண்டே வருடத்தில், 1964-ல் எழுதிய கட்டுரையில், இந்தப் பொருள்களால் மத அனுபவம் வருவது தெரிகிறது, மத வாழ்க்கை வருகிறதா என்பதுதான் தெரியவில்லை என்று எழுதினார். கேலியாகப் பேசுகிற வெளியாள் எழுதியதல்ல இது, உள்ளே போய் வந்தவர் எழுதியது. உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொரு விஷயம். பெரிய வெள்ளிக்கிழமையில் நடந்த அந்தச் சோதனையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாற்கு 15:23 ஞாபகம் வரும். சிலுவையில் அறைவதற்கு முன் அவருக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுக்கிறார்கள், வலி தெரியாமல் இருக்கக் கொடுப்பது. அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மயக்க மருந்து பாவம் என்று இதிலிருந்து நான் சொல்ல வரவில்லை, ஆபரேஷனுக்கு நாமெல்லாம் மயக்க ஊசி போட்டுக்கொள்கிறவர்கள்தான். ஆனால் அந்த நாளை முழுத் தெளிவோடு கடக்க அவர் தீர்மானித்தார் என்பது, அவரைப் பின்பற்றுகிறவன் மனதில் ஒரு ஓரத்தில் இருக்க வேண்டியது.

சரி, வசனத்துக்கு வருவோம். உங்கள் போதகர் கலாத்தியர் 5:20-ஐக் காட்டியிருப்பார். நம் வேதாகமத்தில் 'பில்லிசூனியம்' என்று இருக்கிறதே, அதற்குக் கிரேக்கத்தில் ஃபார்மாக்கேயா. ஃபார்மசி என்ற வார்த்தையும் அந்த வேரில் வந்ததுதான், அதனால் 'பாருங்கள், போதைப்பொருள் என்றே எழுதியிருக்கிறது' என்று பிரசங்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு நேர் இல்லை. அந்த வார்த்தைக்குள் மருந்து, விஷம், வசியம் எல்லாமே அடங்கும். பவுல் அதை விக்கிரகாராதனைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் பில்லிசூனியம் என்று போட்டது சரிதான். அதை வைத்து டிரஃபிளுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. ஆதிச் சபையின் இராப்போஜனமே காளான்தான் என்று சவக்கடல் சுருள்களை ஆராய்ந்த ஜான் அலெக்ரோ 1970-ல் ஒரு புத்தகம் போட்டார், அவர் துறை அறிஞர்களே அதை ஏற்கவில்லை. முகாமில் யாராவது அதைச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

எனக்குக் கனமாகப் படுகிற வசனம் வேறு. 1 பேதுரு 5:8, "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்." புதிய ஏற்பாட்டில் ஜெபம் வரும் பல இடங்களில் இந்த விழிப்பும் தெளிவும் கூடவே வருகிறது.

உங்களுக்குக் கிறிஸ்து ஏன் வந்தார்? இதைக் கோபப்படாமல் யோசியுங்கள். உங்களோடு சாப்பிட்ட நண்பர்களுக்கு என்ன வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எல்லாருக்கும் இயேசு வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். உள்ளே போகும் மனம், சுற்றி இருக்கும் இடம், ஓடும் இசை, கூட இருக்கிறவர் சொன்ன வார்த்தை, இவைதான் அந்த ஆறு மணி நேரத்துக்கு உருவம் கொடுக்கின்றன என்று இந்தத் துறையில் எல்லாருமே சொல்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2006-ல் வெளியான ஆய்வில் 36 பேர். கண்ணுக்குத் துணி, காதில் இசை, பக்கத்தில் ஆள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வாழ்க்கையின் மிக முக்கியமான ஐந்து அனுபவங்களில் இது ஒன்று என்றார்கள். அதே ஆய்வில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கடுமையான பயமும் வந்தது, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. அப்புறம் குருமார், ரபிகள் என்று பல மதத் தலைவர்கள் 29 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025-ல் வந்தது, அதிலும் அனேகமாக எல்லாரும் அதை வாழ்க்கையின் பெரிய ஆவிக்குரிய அனுபவம் என்றுதான் சொன்னார்கள். அதில் பங்கேற்ற ஹண்ட் பிரீஸ்ட் என்ற எபிஸ்கோப்பல் குருவானவர் 2021-ல் லிகாரே என்று கிறிஸ்தவர்களுக்காகவே ஒரு அமைப்பும் தொடங்கினார். ஆக இப்படி யோசிக்கிற விசுவாசி நீங்கள் மட்டும் இல்லை. ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து நீங்கள் மனதில் சுமந்த கிறிஸ்துவே அன்று வெளியே வந்தார் என்பது என் எண்ணம். அதனால் அது பொய்யாகிவிடாது. தேவன் கனவைப் பயன்படுத்தினார், கழுதையைப் பயன்படுத்தினார். ஆனால் கழுதை பேசிற்று என்பதற்காக பிலேயாம் அடுத்த வாரமும் கழுதையிடம் போய் நிற்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், அப்போது பெயோட்டி என்ற போதைக் கள்ளியைச் சாப்பிடுகிற அமெரிக்கப் பூர்வகுடிக் கிறிஸ்தவர்களை என்ன சொல்வீர்கள் என்று. நல்ல கேள்வி, இதில் கொஞ்சம் நிற்கலாம். ஓக்லஹோமாவில் 1918-ல் நேட்டிவ் அமெரிக்கன் சர்ச் சட்டப்படி பதிவானது. தங்கள் நிலம் போய், பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, சாராயம் ஊரை அழித்துக்கொண்டிருந்த காலத்தில் பரவிய வழிபாடு அது. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கூடாரத்துக்குள் போவார்கள், வட்டமாகத் தரையில் உட்கார்வார்கள். நடுவில் நெருப்பு, பிறை வடிவில் மண் மேடை. ரோட்மேன் என்கிற வழிநடத்துபவர் கையில் கோலும் சுரைக்காய்க் குடுக்கையும், பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய முரசு. கசப்பான அந்தக் கள்ளியைச் சாப்பிட்டுப் பலர் வாந்தி எடுப்பார்கள். ராத்திரி முழுக்கப் பாட்டு, ஜெபம். நடுராத்திரியில் ஒருமுறை தண்ணீர். விடியும்போது ஒரு பெண் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஜெபம் செய்வார், பிறகு சோளம், இறைச்சி, பழம் என்று எளிய காலை உணவு. கிராஸ் ஃபயர் என்ற பிரிவில் வேதாகமமும் உள்ளே இருக்கும். கூடுவதற்கு ஒரு காரணமும் இருக்கும்: யாருக்கோ நோய், யார் வீட்டுப் பிள்ளைக்கோ ஜெபம். குடியை விடு, குடும்பத்தைப் பார், உழைத்துச் சாப்பிடு என்பது அவர்கள் போதிக்கும் வழி.

அவர்களை அரசு பல காலம் விரட்டியது. மெக்சிகோவில் 1620-லேயே கத்தோலிக்க விசாரணை மன்றம் பெயோட்டியைத் தடை செய்தது, அமெரிக்காவில் 1990-ல் கூட ஓரிகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது, 1994-ல் தனியாகச் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் பாதுகாப்புக் கிடைத்தது. பிரேசிலில் காட்டில் ரப்பர்ப் பால் எடுத்த தொழிலாளர்களிடமிருந்து எழுந்த, ஆயாஹுவாஸ்கா என்ற மூலிகைப் போதைக் கஷாயத்தைக் குடித்து வழிபடுகிற சாந்தோ டைமே, யூனியாவ் டோ வெஜிட்டல் போன்ற சபைகளுக்கும் இதே போல நீண்ட கதை உண்டு. இவர்களை நான் நியாயம் தீர்க்கப் போவதில்லை. இறையியலில் எனக்கு அவர்களோடு கேள்விகள் உண்டு. ஆனால் அவர்களிடம் இருக்கிற ஒன்று உங்கள் முகாமில் இல்லை. அந்தக் கூடாரத்தில் உங்கள் அழுகையைப் பார்த்தவர் திங்கட்கிழமை காலையில் கடையில் உங்களைப் பார்ப்பார், நீங்கள் குடித்தால் கேட்பார், மனைவியை அடித்தால் கேட்பார். உங்கள் முகாமை நடத்தியவருக்கு இன்று உங்கள் பெயர் ஞாபகம் இருக்குமா?

மெக்சிகோவில் மரியா சபினா என்று ஒரு மஸடெக் மூதாட்டி இருந்தார், கத்தோலிக்கர், ஊர்க் கோவிலின் சகோதரிகள் குழுவில் இருந்தவர். காளானைப் பரிசுத்தக் குழந்தைகள் என்றுதான் சொல்வார். 1955-ல் கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி அவரிடம் போய் அதைச் சாப்பிட்டு, 1957-ல் லைஃப் பத்திரிகையில் எழுதினார். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஊர் கெட்டது, போலீஸ் வந்தது, அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். பிற்காலத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: வாசன் வரும் முன் கடவுளைக் காண்பதற்காக என்று யாரும் இதைச் சாப்பிட்டதில்லை, நோயாளி குணமாகத்தான் சாப்பிட்டோம். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நோயாளிக்காக இருந்ததை நாம் நம் அனுபவத்துக்காக எடுத்துக்கொண்டோம்.

நம் சபையின் பழைய ஆட்கள் தரிசனங்களைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறார்கள், புராட்டஸ்டண்ட் நாம் அவர்களை அதிகம் படிப்பதில்லை. இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார், ஸ்பெயினில் மன்ரேசாவில் கடுந்தவம் இருந்த நாட்களில் வானத்தில் ஒன்றைக் காண்பார், பாம்பு போன்ற வடிவம், அதில் கண்கள் போல ஒளிர்கிற பல புள்ளிகள், அவ்வளவு அழகு. பார்த்தால் மனதுக்கு ஆறுதல், மறைந்தால் வருத்தம். பிறகு ஒருநாள் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சிலுவைக்கு முன் முழங்காலில் நின்றபோது அது மறுபடி வந்தது, அங்கே அதற்கு அந்த நிறம் இல்லை. அப்போதுதான் அது நல்லதல்ல என்று அவருக்குப் புரிந்தது. ஆறுதல் தந்தது என்பது அவருக்குப் போதுமான சான்றாக இருக்கவில்லை, கவனியுங்கள். ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவையின் யோவான் இன்னும் ஒரு படி மேலே போவார்: தரிசனம் தேவனிடமிருந்தே வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளாதே, அவரிடமிருந்து வந்ததென்றால் அது செய்ய வேண்டிய வேலையை வந்த கணத்திலேயே செய்து முடித்திருக்கும் என்பார். பவுல் மூன்றாம் வானம் வரை போனவர், அதைப் பற்றி வாய் திறக்க 14 வருடம் ஆயிற்று, அதுவும் யாரோ ஒரு மனுஷன் என்று மூன்றாம் ஆளாகச் சொன்னார். மறுபடி போக அவர் வழி தேடவில்லை.

திரும்பப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். நாம் நம்புகிற தேவன் வருகிறவர், வரவழைக்கப்படுகிறவர் அல்ல. முதல் முறை நீங்கள் தெரியாமல் போய் எதையோ பெற்றீர்கள், அதை நான் கிருபை என்று ஏற்கத் தயார். இரண்டாவது முறை போனால், இத்தனை யூரோ, இத்தனை கிராம், சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கிறிஸ்து வர வேண்டும் என்று போவீர்கள். மாயவித்தைக்காரன் சீமோன் அப்போஸ்தலரிடம் பணத்தை நீட்டினானே, அவனும் ஆசைப்பட்டது பரிசுத்த ஆவிக்குத்தான்.

உடம்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருந்தால் இந்தப் பக்கமே போகக் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆயாஹுவாஸ்கா குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்கு உண்மையிலேயே மனச்சோர்வு என்றால் அது வேறு பேச்சு. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், வேறு சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் எழுதிக் கொடுக்கலாம், அதை நான் மருந்தாகவே பார்க்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் போதைப்பொருளைக் கடுமையான குற்றம் என்று சொல்லும் அதே வரியில் சிகிச்சைக்கு விலக்குக் கொடுக்கிறது. லீவுக்கு ஊருக்கு வரும்போது கோடைக்கானலில் கிடைக்கிறதாமே என்று யாராவது கூப்பிட்டால் போய்விடாதீர்கள், இங்கே சைலோசைபின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது, கைதாவீர்கள்.

ஆராதனை வெறுமையாக இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் பெரியம்மா 40 வருடம் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, பாயை மடித்துப் போட்டு அதன் மேல் முழங்காலில் நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தார். குணமானவர் பெயருக்கு நேரே ஸ்தோத்திரம் என்று சின்னதாக எழுதுவார், இறந்தவர் பெயரை அடிக்க மாட்டார். ஒருநாள் கேட்டேன், ஏதாவது தரிசனம் கண்டிருக்கிறீர்களா என்று. இல்லையே, ஏன் கேட்கிறாய் என்றார், அவ்வளவுதான். அந்த நோட்டில் என் பெயரும் இருந்தது. நீங்கள் வெறுமை என்று சொல்வது, பெரும்பாலான விசுவாசிகள் சாகும்வரை நடக்கிற சாதாரணத் தரை. உச்சத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது கொஞ்ச நாள் மங்கலாகத்தான் தெரியும்.

மறுரூப மலையில் பேதுருவும் அங்கேயே மூன்று கூடாரம் போடலாம் என்றுதான் கேட்டார். கீழே இறங்கினால் ஒரு தகப்பன், வலிப்பு வரும் மகனை வைத்துக்கொண்டு நிற்கிறார். உங்கள் கடிதத்தில் இருந்த தகப்பனுக்கு வருகிறேன். அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குப் போன் செய்தீர்களா? அது தேவனிடமிருந்து வந்ததா என்ற உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை, கனிகளால் அறிவீர்கள் என்று இயேசு சொன்னதுதான் பதில். இந்த வாரம் அப்பாவிடம் பேசுங்கள். அவர் பழையபடியே எரிந்து விழலாம், அப்போதும் அந்த மன்னிப்பு நிற்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் நின்றால், அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று நீங்களே எனக்கு எழுதுவீர்கள். அதுவரை கண்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நம்பக்கூடிய மூத்தவர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடிக்க வேண்டாம்.

திருவிருந்துக்கு வரலாமா என்றீர்கள். வாருங்கள். செய்ததைக் கர்த்தரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு வரிசையில் நில்லுங்கள். கையில் வைக்கிற அந்தச் சின்னத் துண்டு அப்பத்தில் ஒன்றும் தோன்றாது, நிறம் மாறாது, அழுகை வராமலும் போகலாம். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உங்கள் இடத்தில் போய் உட்காருங்கள்.